கடலை உரிக்கும் மெஷினும் காலியாகக் கிடக்கும் கட்டமும்

நம் கையெழுத்துப் பத்திரிகை நண்பர்களுக்கு, இன்று நடந்ததைச் சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

நான் செய்த கடலை உரிக்கும் மெஷினுக்குக் கடன் கேட்ட மனுவை பேங்க் அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மெஷின் இருக்கு. திட்டம் எங்கங்க? திங்கக்கிழமைக்குள்ள கொண்டாங்க."

திரும்பும் பஸ்ஸில் மெஷின் என் மடியில் இருந்தது. வல்லத்திராக்கோட்டைக்குப் போகும் ஓர் அம்மாள் முன் சீட்டிலிருந்து திரும்பி, தன் பையிலிருந்து ஒரு கை கடலையை நீட்டினார்.

"இதைப் போட்டுச் சுத்துங்க, பாப்போம்."

சுற்றினேன். பருப்பைப் பெருமையாகக் காட்டினேன்.

"பாதி ஒடஞ்சிருக்கே. எண்ணெய்க்கு ஆகும், வெதைக்கு ஆகாதுங்க. சின்னக் கடலை உரியாமயே வந்திருக்கு. கடலை போற எடவெளியைக் கூட்டிக் கொறைக்க முடியாதா?"

முடியாது. கடையில் பொறுக்கி வாங்கிய ஒரே அளவுக் கடலையை மட்டுமே இதுவரை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

மனுவின் பின்புறத்திலேயே குறித்தேன்: இடைவெளி மாற்ற ஒரு திருகு, உரித்த பருப்பை விதைத்து முளைக்கிறதா என்று ஒரு சோதனை. அவர் ஊர் வருவதற்குள் திட்டம் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

"சரியாப் பண்ணுங்க. மொத மெஷினை நான் வாடகைக்கு எடுத்துக்கிறேன்" என்று சொல்லி இறங்கினார்.

மனுவில் ஒரு கட்டம் மட்டும் காலி. தொழில்நுட்ப ஆலோசகர்: பெயர், படிப்பு.

பெயர் சின்னம்மாள்; அந்த அம்மாள் இறங்குமுன் கேட்டு வைத்துக்கொண்டேன். படிப்புக்கு என்ன போடலாம் என்று ஓரத்தில் எழுதுங்கள். எஞ்சினீயர் என்பதை என் பெயருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதித் தொலைத்துவிட்டேன்.