ஒரு டன் குளிர்

மாமா ஏசி வேலை பழகப் பதுளைக்குப் போன வருடம் எனக்குப் பத்து வயது. மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் இருந்த குளிருக்கு அந்த மெஷின் எதற்கு என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அதை நம்பித்தான் மாமா இருந்தார். வாய்மொழிப் பரீட்சையில் ஏற்கெனவே ஒரு தடவை தவறிவிட்டார். திங்கட்கிழமை இரண்டாவது தடவை. அதிலும் தவறினால் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஏசி புத்தகத்தைச் சத்தமாகப் படித்தார். ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவை ஒரு நாளில் அறையிலிருந்து வெளியேற்றினால் அது ஒரு டன் மெஷின். மணித்தியாலக் கணக்கில் பன்னிரண்டாயிரம் பி.டி.யூ. வெப்பம். எண்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். விளக்கம் கேட்டால்தான் முழிப்பார்.

“மெஷின் எவ்வளவு குளிர் செய்யுதுங்கிறதுதான் கணக்கு. சரி. ஒரே அளவு ரூமுக்கு ஏன் வேற வேற மெஷின் போடச் சொல்றாங்க? அதான் புரியல அக்கா.”

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். “அது எங்கடா குளிர் செய்யுது? சூட்ட எடுத்து வெளிய போடுதுன்னு நீதான இப்ப படிச்ச? நான் கொழுந்து எடுக்குற மாதிரிதான். காலை நிறுவைக்குள்ள எத்தன கிலோ எடுத்தேன்னு கணக்கப்பிள்ளை பாக்குறாருல்ல, அந்தக் கணக்கு.”

“நல்லாருக்கு! பரீட்சையில கொழுந்துன்னு சொன்னா, கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கே போடாம்பாங்க.”

“வா, எனக்கும் ஒத்தாசையா இருக்கும்” என்று அம்மா சிரித்தார். “ரெண்டு மலை ஒரே அளவுதான். ஒன்னுல மழை பேஞ்சு கொழுந்து நெறஞ்சு நிக்குது. இன்னொன்னு காஞ்சு கெடக்கு. ரெண்டுக்கும் ஒரே அளவு ஆளையா அனுப்புவாங்க?”

மாமா கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். வெயில் விழும் ஜன்னல், தகரக் கூரை, உள்ளே இருக்கும் ஆட்கள், எரியும் அடுப்பு. அறையின் நீள அகலத்தோடு இவ்வளவு சூட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை பின்னேரம் மாமா பதுளை நானா கடை மஸ்கட் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். பாஸ்!

“கொழுந்துன்னு சொல்லலியே?” என்றார் அம்மா.

“வாயில வந்துருச்சு அக்கா. கேள்வி கேட்ட ஐயா சிரிச்சிட்டே மார்க் போட்டாரு.”

இன்று எல்ல என்னும் ஊரில் பல விடுதிகளுக்கு மாமாதான் ஏசி பூட்டுகிறார். அந்த வேலையை வைத்துத்தான் என்னையும் படிக்க வைத்தார். அம்மா, மாமா இருவருக்கும் நான் நன்றி சொல்லி முடியாது.

மாமா பாஸான அடுத்த ஞாயிறு அம்மா அந்தப் புத்தகத்தைச் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

“இதுக்கப்புறம் என்ன போட்டிருக்கு? படி.”

“மாமாதான் பாஸாயிட்டாரே. இனி யாருக்கும்மா?”

“சும்மா படியேன்.”

இரண்டு பக்கத்தை ஒரே ஓட்டமாகப் படித்தேன். மூன்று பக்கத்தைத் தள்ளிவிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லி விளையாட ஓடினேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அம்மா நான் தள்ளிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். படம் பார்க்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.