வாடகை அறிவிப்பில் கடைசி வரி

ரஸ்மாதாவுக்கு ஆப்பிரிக்கக்காரி என்ற பெயர் கிடைத்தது ஆப்பிரிக்காவில்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா நாட்டில், போபோ நகரத்தில் இருபது வருஷம் வாழ்ந்தபோது யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. கட்டுமானப் பொறியியல் படிக்க விமானம் ஏறி, அதே கண்டத்தின் வடக்கு ஓரத்தில், துனிசியாவின் துனிஸ் நகரத்தில் இறங்கிய முதல் வாரம் காய்கறிக்காரர் தன் தம்பியிடம் சொன்னார்: "அந்த ஆப்பிரிக்கக்காரிக்கு முதல்ல நிறுத்துப் போடு." நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

குடியிருந்தது மோன்ஜியா அம்மாவின் வீட்டில், கீழ் அறையில். அம்மாளுக்கு அறுபது வயது, சர்க்கரை நோய், மங்கலான கண். அவருடைய மகன் பிரெஞ்சு நகரமான லியோனில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் ரஸ்மாதாவுக்கு ஒரு தட்டு கூஸ்கூஸ் வந்துவிடும். காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டதும் அவர்தான். நகராட்சி அலுவலகத்துக்கு வந்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும், "நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்" என்பார். ஒரு நாள் முழங்கால் வலி, மறுநாள் வெயில். பதினோரு வாரமாக அந்த "நாளைக்கு" விடியவே இல்லை. அந்தக் கறுப்பு ஆட்களோடு சேர்த்துக் காகிதத்தில் பேரைப் போடாதே என்று அவருடைய நாத்தனார் சொல்லிவைத்திருப்பது ரஸ்மாதாவுக்கும் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு, அட்டை இல்லாமல் தங்க அவளுக்கு அனுமதித்த மூன்று மாதம் முடிகிறது. முத்திரை விழுந்த ஒப்பந்தம் இல்லாமல் குடியிருப்பு அட்டை கிடையாது. அட்டை இல்லாவிட்டால் தெருவில் நிறுத்திக் கேட்கிற எந்தக் காவலரும் அவளை வண்டியில் ஏற்றலாம். படிப்பு அத்தோடு போயிற்று. வாய்ச்சொல்லில் குடிவைப்பதில் உள்ள வசதியே இதுதான்: காகிதத்தில் இல்லாத ஆளை எந்த நேரமும் இல்லாத ஆளாக ஆக்கிவிடலாம்.

திங்கட்கிழமை மோன்ஜியா ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். மகனுடைய மாடி அறையையும் வாடகைக்கு விடப்போகிறாராம். ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்ட ஓர் அறிவிப்பு வேண்டும், தனக்கோ கண் தெரியவில்லை என்றார். ரஸ்மாதாவின் அரபுக் கையெழுத்து அழகு என்று அந்தத் தெருவுக்கே தெரியும்; ஊர்ப் பள்ளியில் பிரம்படியோடு கற்றது.

"எழுதும்மா. மாடியில அறை வாடகைக்கு. படிக்கிற பொண்ணுங்களுக்கு மட்டும். தண்ணி, கரண்ட் உண்டு. ஆப்பிரிக்கக்காரங்க வேண்டாம்."

பேனா நின்றது.

"சின்னம்மா, நான் யாரு?"

"நீ ரஸ்மாதா. உன்னை யாரு சொன்னா? நீ தொழுவுற பொண்ணு, நம்ம வீட்டுப் பொண்ணு."

"அப்ப நீங்க யாரு?"

"நான் துனிஸ்காரி."

"துனிஸ் எங்க இருக்கு?"

மோன்ஜியா தரையைக் காட்டினார். "இதோ, இங்கதான். பரீட்சை வைக்காம எழுதுடி."

அந்த முகத்தில் கள்ளம் ஒரு துளியும் இல்லை. அதுதான் ரஸ்மாதாவை உறைய வைத்தது. வைதிருந்தால் திருப்பி வைதிருப்பாள். பேனாவை வீசி எறியலாம். எறிந்தால் ஒப்பந்தத்தில் விழவேண்டிய கையெழுத்தும் போய்விடும். அவள் யோசித்து, அந்த வரியின் பொருள் பிசகாமல் எழுதினாள்: "ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம்." எழுதியதை ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்தும் காட்டினாள்.

"மரியாதையா எழுதியிருக்கே" என்று மெச்சிக்கொண்டு போனார் மோன்ஜியா.

இரண்டு நாள் ஒருவரும் அறை கேட்டு வரவில்லை. ரொட்டிக்கடைக்கார ஹெதி வரிசையில் நின்றவர்களுக்கு அறிவிப்பைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை மோன்ஜியா ரொட்டி வாங்கப் போனபோது அவரிடமே, "நான் நம்ம நாட்டு சூஸ் நகரத்துல பிறந்தவன், அதுவும் ஆப்பிரிக்காதானே. உங்க தெருவுல நடக்கலாமா, இல்ல பாஸ்போர்ட் எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டிருக்கிறார். மாடிக்குக் குடிவரப் பாரிஸிலிருந்துதான் ஆள் வரவேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாளாம். கடையே சிரித்திருக்கிறது.

மோன்ஜியா மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினார். "என் சோத்தைத் தின்னுட்டு என்னையே சந்தி சிரிக்க வச்சுட்டியே."

"நீங்க சொன்னதுக்கு அதுதான் அர்த்தம், சின்னம்மா. அரபுப் பேரைக் கேட்டதும் லியோன்ல உங்க பையனுக்கு வீடு இல்லைன்னானே ஒருத்தன், அவன் கை அழுகிப் போகட்டும்னு சாபம் விட்டீங்களே."

"அது வேற." சொல்லிவிட்டு அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று ரஸ்மாதா புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினாள். ஆனால் வியாழன் காலை மோன்ஜியா வெளியே போகும் உடுப்பில், அடையாள அட்டையோடு வாசலில் நின்றார். "கிளம்பு, வரிசை நீண்டுடும்" என்பதற்கு மேல் பேசவில்லை. நகராட்சி எழுத்தர் நிமிராமலே, குடியிருப்பவர் ஆப்பிரிக்கரா என்று கேட்டார். மோன்ஜியா சட்டென்று சொன்னார்: "புர்க்கினா. அது ஒரு நாடு. நாட்டுப் பேரை எழுது."

முத்திரை விழுந்தது. ரஸ்மாதா ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்தாள். திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

ரொட்டிக்கடையில் மோன்ஜியா சூடான நீள ரொட்டி வாங்கி, முனையை ஒடித்து அவளுக்குக் கொடுத்தார். அதை வாயருகே கொண்டுபோனபோதுதான் சுவரைப் பார்த்தாள். புது அறிவிப்பு. ஹெதியின் உருண்டைக் கையெழுத்து. கடைசி வரி: "ஆப்பிரிக்கர்கள் வேண்டாம். துனிசியர்கள் வரலாம்."

அத்தனை பேரும் சிரித்தது வாக்கியத்தில் இருந்த பிழைக்காக. பிழையைத் திருத்திவிட்டார்கள்.

"இது எப்ப எழுதினது, சின்னம்மா?"

"நேத்து சாயங்காலம். ஏம்மா முகம் இப்படிப் போச்சு? உனக்குத்தான் காகிதம் கிடைச்சிருச்சே. ரொட்டி ஆறுது பாரு."

ஆமாம், கிடைத்துவிட்டது. பையில் ஒப்பந்தம் பத்திரமாக இருந்தது. ரஸ்மாதா ரொட்டித் துண்டை மோன்ஜியாவின் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள். சுவரருகே போய், அறிவிப்பின் மேல்முனையில் நகத்தைக் கொடுத்து, கீழ்வரை கிழித்தாள். ஹெதியின் கை ரொட்டித் தட்டின் மேல் அப்படியே நின்றது. இந்தத் தடவை வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.