வருஷம் தவறாமல் சாகிறவர்

குவாபரா அன்று காலையும் கடை திறப்பதற்கு முன் இரண்டு தடவை செத்துப் பார்த்தார். முடிவெட்டும் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பழைய மெத்தையை விரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் சரிந்தார். நான் எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருப்பவள். ஷட்டரைத் தூக்கும்போதே இந்தக் காட்சி கண்ணில் பட்டுவிடும்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றார் படுத்தபடியே.

"கைதான் கொஞ்சம் ஓவர்ண்ணே. வயித்துல குத்து வாங்கினவரு வானத்தையா பிடிக்கப் போவாரு?"

"நீ எப்பம்மா குத்து வாங்கின? வாங்கிட்டு வந்து சொல்லு."

செகிகஹாராவில் இலையுதிர்காலம் வந்தால் இப்படித்தான். நானூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வயல்களில் ஒரே நாளில் நடந்து முடிந்த சண்டையை, அறுப்பு முடிந்த வயலில் ஆண்டுக்கொருமுறை திரும்பவும் நடத்துவோம். பாதி ஊர் கிழக்குப் படை, பாதி ஊர் மேற்குப் படை. கிழக்கு ஜெயிக்கும், மேற்கு தோற்கும். அதில் யாரும் கை வைக்க முடியாது. குவாபரா வாலிப வயதிலிருந்தே மேற்குதான். ஜெயிக்கிற பக்கத்தில் ஆள் குறைகிறது என்று கெஞ்சிக் கேட்டாலும் போகமாட்டார்.

அவர் கணக்கில் ஜப்பானில் நல்லது கெட்டது எல்லாமே அந்த ஒரு நாளில் முடிவானது. டோக்கியோவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாக்காரர் முகம் மழிக்க உட்கார்ந்து, வாய் சும்மா இராமல், "அது எப்பவோ நடந்ததுங்களே" என்று சொல்லிவிட்டார். கத்தி அந்தரத்தில் நின்றது. "அன்னிக்கு மேற்கு ஜெயிச்சிருந்தா தலைநகரம் உங்க ஊருக்குப் போயிருக்குமா? உங்க தாத்தா அங்க பொழைக்கத்தான் போயிருப்பாரா? நீங்க பொறந்ததே எங்க ஊரு சண்டையாலதாங்க." பாவம், அந்த மனிதர் பாதி நுரையோடு தலையாட்டினார். தலையாட்டாமல் என்ன செய்வார், கத்தி இவர் கையில் அல்லவா!

ஆனால் அவருடைய உண்மையான எதிரி ஹிரோபேதான். தெருக்கோடியில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஹிரோபேயும் இவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அன்றைய சண்டையில் மேற்குப் படையைச் சேர்ந்த ஒரு தளபதி மலைமேல் இருந்தபடி வேடிக்கை பார்த்துவிட்டு, நண்பகலில் கட்சி மாறித் தன் பக்கத்தின்மேலேயே பாய்ந்தான். அதோடு மேற்கின் கதை முடிந்தது. அந்தத் தளபதி வேஷம் பல வருஷமாக ஹிரோபேக்கு. மலையிலிருந்து கத்திக்கொண்டு இறங்கி முதலில் குத்துவது குவாபராவை. அதனால் விழா மாதம் முழுக்க இவர் அந்தக் கடை வாசலில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் நடப்பார். ஹிரோபேயும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்த மாதம் முடிவெட்டிக்கொள்ள ரயிலேறிப் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார். "இந்த மாசம் அவன் கத்தியை என் கழுத்துகிட்ட விடமாட்டேன்" என்பார். சண்டை முடிந்த சாயங்காலம் அதே கழுத்தை இவரிடம் நீட்டுவார். பிறகு இருவரும் ஒரே மேஜையில் சுடச்சுட நூடுல்ஸ் உறிஞ்சுவார்கள்.

இந்தச் சாவில் அப்படி என்னதான் ருசி என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"சாகறதுல என்னம்மா இருக்கு? எழுந்திருக்கறதுலதான் விஷயம்" என்றார். "எங்க முன்னோருங்க சண்டை போட்டவங்க இல்ல, குழி வெட்டினவங்க. வயல்ல கெடந்தவனையெல்லாம் பேரு ஊரு தெரியாம புதைச்சாங்க. அவனவன் வீட்டுல எத்தனை நாள் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்களோ. சண்டை முடிஞ்சு சங்கு ஊதினதும் நான் எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு வீட்டுக்கு நடக்கறேன் பாரு, அது அவனுங்கள்ல ஒருத்தன் போற மாதிரி எனக்கு."

நான் மூட்டுக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒரு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

ஆமாம், மூட்டு. வலது முழங்கால் போன குளிரிலேயே மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது. அது என் காதோடு போயிருக்கும். ஆனால் விழாக் குழுத் தலைவி ஷிமோசே ஒத்திகையில் பார்த்துவிட்டாள். கறாரான பெண். "இந்த வருஷம் விழுந்து, நீங்களா எந்திரிச்சிட்டா அடுத்த வருஷமும் தாராளமா சாகலாம். இல்லேன்னா கூடாரத்துல உக்காந்து சங்கு ஊதுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்துதான் கடைக்குள் மெத்தை.

விழா நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மேற்குப் படை காலாள் உடுப்பில், அகலமான கூம்புத் தொப்பியோடு குவாபரா நின்றார். ஹிரோபே மலையிலிருந்து மூச்சிரைக்க இறங்கிவந்து குத்தினார். குவாபரா ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தார். கை வானத்தைப் பிடிக்கப் போகவில்லை. அப்படி அழகான சாவை நான் பார்த்ததில்லை.

சங்கு ஊதியது. செத்தவர்கள் எல்லாரும் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். குவாபரா எழவில்லை. ஒரு முழங்கையை ஊன்றினார், கால் வரவில்லை. மறுபடி ஊன்றினார். ஷிமோசே மைக்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலிக்கயிற்றைத் தாண்டி ஓடினேன்.

எனக்கு முன்னால் ஹிரோபே போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, தளபதி உடுப்போடு அவர் பக்கத்தில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார்.

"என்னடா பண்ற? ஜெயிச்சவன் நீ. எந்திரிடா" என்று பல்லைக் கடித்தார் குவாபரா.

"கட்சி மாறிட்டேன். எனக்கென்ன இது புதுசா?" என்றார் ஹிரோபே. "நீ எப்ப எந்திரிக்கிறியோ அப்ப நானும். ஒண்ணும் அவசரமில்ல."

கூட்டம் இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கை தட்டியது. ஷிமோசே எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்கில் சொன்னாள்: "இன்னும் ரெண்டு பேரு பாக்கி இருக்காங்க. போர் முடியல. யாரும் கெளம்பாதீங்க."

நான் போன வேகத்திலேயே நின்றுவிட்டேன். ஹிரோபே வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி படுத்திருந்தார். குவாபரா கண்ணைத் திறக்காமல் கையால் துழாவித் தன் கூம்புத் தொப்பியைக் கழற்றினார். அதைப் பக்கத்து முகத்தின்மேல் நிழல் விழும்படி சரித்து வைத்தார்.