ஊழககநய என்றொரு செடி

பென்டிரைவை என் கையில் வைத்த பிறகும் துறைத்தலைவர் அதன் மறுமுனையை விடவில்லை. "ஏங்கண்ணு, ஒரு எழுத்து மாறக் கூடாது. மாறுச்சுன்னா எம்பேர எடுத்துரு" என்றார்.

பொருளாதாரத் தாவரவியலுக்கு அவர் தமிழில் எழுதிய பாடக்குறிப்புகள் அதில் இருந்தன. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தாளுக்கு வேறு நல்ல புத்தகம் கிடையாது. இந்தக் குறிப்புகளையே ஜெராக்ஸின் ஜெராக்ஸாக எடுத்து எடுத்து, பாதிப் பெயரும் படமும் கருப்புத் திட்டாகிவிட்ட ஒரு கட்டுதான் வருடா வருடம் கைமாறிக்கொண்டிருந்தது. சேலத்துக் கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வாரமே, இதை இணையத்தில் ஏற்றியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் சம்மதிக்கத்தான் இரண்டு வருடம் ஆனது.

சம்மதித்த நேரத்தில் அது ஒரு பெண்ணுக்கு அவசரமாகவும் இருந்தது. மலைமேல் இருக்கும் வாழவந்திக்காரி. படிப்பை முடித்துவிட்டாள், இந்த ஒரு தாள் மட்டும் அரியர். தேறினால்தான் பி.எட். விண்ணப்பிக்கலாம். "இந்தத் தடவையும் போச்சுன்னா எஸ்டேட்லயே கெடன்னு ஊட்டுல சொல்லிட்டாங்க மேடம்" என்றிருந்தாள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வேறு. மலையிறங்கி வந்து நூலகத்தில் உட்கார அவளுக்கு ஒரு நாளும் ஒழியாது. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே, அதே மலைமேல் ஒண்டிக்கடையில் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பதினோரு பாடத்தையும் ஏற்றி, மாணவர் குழுவில் இணைப்பைப் போட்டேன். மறுநாள் காலை நான் கல்லூரிக்குப் போகும் பஸ் மலையிறங்கும்போது அவளிடமிருந்து போன்.

"ஏனுங்க மேடம், நீங்க போட்டது தமிழுங்களா, இங்கிலீசுங்களா?"

"தமிழ்தான் கண்ணு."

"அப்ப எனக்குத்தான் படிக்கத் தெரியல போலங்க. எம், கே, அப்பறம் ஒரு செமிகோலன், மறுபடி கே... இப்படியே போகுதுங்க."

புரிந்துவிட்டது. எப்போதோ டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும். இல்லாத போனில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். என் கம்ப்யூட்டரில் அது இருந்ததால் எனக்கு உறைக்கவில்லை.

அதற்காக விட்டேனா? பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றித் தரும் ஓர் இணையதளத்தில் மதிய இடைவேளையிலேயே மொத்தத்தையும் கொட்டி, வந்ததை வாரி ஏற்றினேன். முதல் இரண்டு பக்கம் பார்த்தேன். சுத்தமான தமிழ்.

"இப்பத் தெரியுதா?"

"நொம்ப நல்லாத் தெரியுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாழவந்திக்குப் போனேன். காப்பித் தோட்டத்து ஓரமாக அவளும் கூடப் பழம் பறிக்கும் ஓர் அக்காவும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். "பரீட்சய இங்கயே வெச்சுருவாங்களாட்டம் இருக்குது" என்றார் அந்த அக்கா.

"வெச்சாப் போச்சு. சொல்லு பாக்கலாம், காப்பிக்குத் தாவரவியல் பேரு என்ன?"

அவள் கண் சிமிட்டாமல் சொன்னாள். "ஊழககநயங்க. குடும்பம் ரூபியேசி."

விளையாடுகிறாள் என்று சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து நீட்டினாள். பக்கம் பக்கமாக அழகான கையெழுத்து. மாமரத்துக்கு நேராக 'ஆயபெகைநசய'. பருத்தி, மிளகு, தேக்கு எல்லாவற்றுக்கும் இப்படியே. குறிப்பின் நடுவே ஆங்கில எழுத்தில் இருந்த தாவரப் பெயர்களையும் பழைய தமிழ் எழுத்து என்று நினைத்து அந்த இணையதளம் 'மாற்றி' வைத்திருந்தது.

"இதெல்லாம் பேரே இல்ல கண்ணு. உனக்குச் சந்தேகமே வரலயா?"

"கிளாஸ்ல வேற மாதிரி கேட்ட ஞாபகந்தானுங்க. ஆனா சாரு நோட்டுலயே இப்படி இருக்குதே! தமிழ்ல கலைச்சொல்லுன்னாலே இப்படித்தானுங்களே வரும்? எது எங்களுக்குப் புரிஞ்சுது? மனப்பாடம் பண்ணிட்டேன்."

அந்த அக்கா பழக் கூடையைப் பார்த்தார். "ஏஞ்சாமி, நாம பறிச்சது ஊழ... என்னமோ சொன்னியே, அதா? எஸ்டேட்டுக் கணக்கெழுதற ரைட்டருகிட்ட சொல்லிப்போடாத, எடையே போடமாட்டாரு."

அவருக்கு வேடிக்கை. எனக்கு அப்படியில்லை. அவள் சொந்தமாகத் தப்புப் பண்ணவில்லை. நான் ஏற்றியதை நம்பிப் படித்திருக்கிறாள். ஏழு நாள்தான் மிச்சம்.

திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படித்துப் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது. "எம்பேருக்குக் கீழ இப்படியொரு கண்றாவியா? மொதல்ல எடுத்துரு. இதுக்குத்தான் நெட்டே வேண்டாம்னேன்."

"எடுத்துட்டா அந்தப் பொண்ணு எதைங்க சார் படிக்கும்?"

"ஜெராக்ஸு இருக்குதில்ல?"

"அதுல பேரெல்லாம் கருப்பா அப்பிக் கெடக்குதுங்க. நான் எடுக்கமாட்டேங்க சார், திருத்தறேன். தனியாச் செஞ்சா ஒரு வாரம் ஆகும். நீங்க பக்கத்துல உக்காந்தீங்கன்னா ரெண்டு நாள்ல முடியும்."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். அவர் எழுந்து போகவில்லை. மூலப்பிரதியை எடுத்துவைத்து ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிச் சொன்னார், நான் அடித்தேன். மூன்றாம் பாடத்தில் ஒரு பெயரில் நின்றுவிட்டார்.

"இது பழைய பேரு. மாத்தி நொம்ப வருசமாச்சு. புதுசப் போடு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எழுத்து மாறக் கூடாதுன்னீங்களே சார்?"

"நாலு செவுத்துக்குள்ள யாரு கேட்டாங்க? ஊரே பாக்கறப்ப தப்போட நிக்க முடியுமா கண்ணு?"

அப்படி இன்னும் இரண்டு பெயர்களை அவராகவே மாற்றினார். பாடம் முடிய முடிய அவளுக்கு அனுப்பினேன். தினமும் காலையில் பஸ்ஸிலிருந்து போனில் அவளைக் கேள்வி கேட்பேன். சரியான பெயர்களை நான் உரக்கச் சொல்வதைக் கேட்டு, "எந்தக் கோயில் மந்திரமுங்க மேடம்?" என்றார் கண்டக்டர். அவளுக்கு அந்த நாட்களில் பயம் ஒன்றே ஒன்றுதான்: "காலைல கண்ணு முழிச்சா வாய்ல மொதல்ல அந்தக் கோணப் பேருதானுங்க வருது. எழுதறப்பவும் வந்துருச்சுன்னா?" சரியான பெயர் வரும் வரைக்கும் கேட்டேன், கோணல் பெயர் வராமல் போகும் வரைக்கும் கேட்டேன். தேர்வுக்கு முந்தின நாள் ஒரு பெயர்கூடப் பிசகவில்லை.

முடிவு வந்த அன்று வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போனில் மூச்சு வாங்கினாள்.

"பாஸுங்க மேடம்!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் துறையிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "அப்பறமுங்க, அஞ்சாம் பாடத்துல நெல்லுப் படம் தலகீழா நிக்குது. நான் போனத் திருப்பிப் பாத்துக்கிட்டேன். அடுத்துப் படிக்கறவங்க எதுக்குங்க திருப்போணும்? மாத்திருங்க."

வகுப்புக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். படம் நேராகிவிட்டது.