இரண்டுக்கு ஒன்று பலகை

மார்ச்சு மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் காலை முதலே மூடிக்கிடந்தது; மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

தெருப்பக்கத்து அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பைகளுக்கு ஜிப் மாற்றிவந்த அம்மையார், நகராட்சி ஆய்வாளர் வாசற்சுவரில் அளவுநாடா பிடிப்பதைச் சன்னல் வழியே பார்த்தார், எழுந்திருக்கவில்லை. கணவர் இறந்த இந்த நான்கு மாதங்களில், யாராவது கூப்பிட்டால் மட்டுமே எழுவது அவருக்கு வழக்கமாகியிருந்தது.

“அம்மா, பலகை ரெண்டுக்கு ரெண்டு இருக்கு. வீட்டுல தொழில் பண்றவங்க ரெண்டு சதுர அடிக்கு மேல வைக்கக் கூடாது.”

பலகையின் மேல்பாதியில் விரித்த குடையின் படமும் ‘குடை டாக்டர்’ என்னும் எழுத்துகளும் இருந்தன. குடை பழுது பார்த்துவந்த கணவர், தெருக்காரர்கள் வைத்த பட்டப்பெயரைக் கடைப்பெயராகவே ஆக்கிக்கொண்டிருந்தார். கீழ்ப்பாதியில் ‘பை, ஜிப் பழுது பார்க்கப்படும்’ என்றிருந்தது.

கணவரின் தங்கை உள்ளிருந்து ஓடிவந்தாள். “சின்னதா எழுதி ரெண்டையும் போட்டுக்கிறோம் சார்.”

“குடை யாரு பாக்குறாங்க?”

“எங்க அண்ணன்தான் பாத்துட்டிருந்தாரு. போய் நாலு மாசமாச்சு.”

“நடக்காத தொழிலை எழுதக் கூடாதும்மா. வெள்ளிக்கிழமை வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா அனுமதியைப் புதுப்பிக்க முடியாது.”

அனுமதி போனால் தையல் இயந்திரத்தை மூடிவைக்க வேண்டியதுதான். இருவருக்கும் வேறு பிழைப்பு இல்லை.

“டாக்டர் இல்லாத நேரம் பாத்து கம்பவுண்டர் அதிகாரம் பண்ணிட்டுப் போறாரு,” என்று நாத்தனார் பொரிந்து தள்ளினாள். முன்பானால் அம்மையார் சிரித்திருப்பார்.

“வெள்ளிக்கிழமை வரைக்குமாவது இருக்கட்டுமே அண்ணி.”

அம்மையார் திருகாணிகளைக் கழற்றிப் பலகையை மேசையில் கிடத்தினார். நடுவில் பென்சிலால் கோடிழுத்தார். குடையின் வளைந்த கைப்பிடி மட்டும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. கணவரின் ரம்பத்தால் அறுத்தார். பாதி வழியில் ரம்பம் சிக்கியது. உருவி, எண்ணெய் தடவி, மீண்டும் அறுத்தார். மரத்தூள் மடியில் உதிர்ந்தது. கீழ்ப்பாதியில் தங்கிவிட்ட கைப்பிடியை உப்புத்தாளால், மரம் வெளுக்கும் வரை தேய்த்தார். மேல்பாதியை அலமாரிக்குப் பின்னால் செருகினார். மற்றதைச் சுவரில் பொருத்தி, அளந்து பார்த்தார். இரண்டுக்கு ஒன்று, சரியாக இருந்தது.

நாத்தனார் பலகையில் வெளுத்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். “அண்ணன் பேரையே அறுத்துட்டீங்களே அண்ணி, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

“கை வலிக்குது.”