முதல் பாட்டு மட்டும் மெதுவாக

என் அக்காவுக்கு யாரையும் திட்டிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவள் வாய் திறந்து திட்டினாள். அதை நினைத்து நாற்பது வருஷம் மனசுக்குள்ளேயே குமைந்தாள்.

அக்கா நர்ஸ். பெரும்பாலும் இரவு ஷிப்ட்தான். காலை ஏழரைக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுவாள். எங்கள் மாடிக்கு நேர் கீழே ஒரு லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அது ஓயும். அதற்கும் வேட்டு வைத்தார் பட்டறைக்காரர். இரும்புச் சுருளையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டு, ஒன்பது பேரைக் கூட்டி ஜெபக் கூட்டம் ஆரம்பித்தார். அவர்கள் பாடிய பாட்டில் எங்கள் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

மூன்றாவது வாரம் அக்கா தலையைக்கூட முடியாமல் கீழே இறங்கினாள்.

"ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கேன். உங்க சாமிக்குக் காது கேக்காதா?"

பாட்டு பாதியில் நின்றது. பட்டறைக்காரர்தான் எழுந்து வந்தார். "மன்னிச்சுக்கங்க சிஸ்டர். நீங்க தூங்குற வரைக்கும் மெதுவாப் பாடுறோம்."

சொன்னபடியே அடுத்த வாரத்திலிருந்து முதல் பாட்டைக் கிசுகிசுவென்று பாடினார்கள். அது முடிவதற்குள் அக்கா குறட்டை விட்டுவிடுவாள்.

இரண்டு வருஷத்தில் நாங்கள் வீடு மாறினோம். அந்த ஒன்பது பேர் சபையோ மளமளவென்று வளர்ந்தது. ஒருவர் கப்பல் வேலைக்குப் போனார். ஒரு அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனார். அவர்கள் கால் வைத்த இடமெல்லாம் சபை முளைத்தது. நாற்பத்தாறு நாடுகள் என்று பேப்பரில் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. அக்கா முகம்தான் செத்துப்போனது.

"சாமி பாட்டையே அடக்கினவ நான். அதான் இப்போ பொட்டுத் தூக்கம் இல்ல."

ரிட்டயர் ஆன நாலு வருஷமாக அவளுக்குத் தூக்கமில்லை. சாயங்காலம் குடிக்கிற காபிதான் காரணம் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

"பட்டறைக்காரர் கண்ணை மூடுறதுக்குள்ள அவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடணும்டி" என்றாள்.

சபையின் நாற்பதாவது ஆண்டுக் கூட்டத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். விளையாட்டு மைதானம் பூராவும் ஆட்கள். எத்தனை நிறம், எத்தனை பாஷை. முன்வரிசையில், சக்கர நாற்காலியில் பட்டறைக்காரர் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"மாடி வீட்டு நர்ஸுங்க. அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"மன்னிப்பா? சிஸ்டர், கப்பல்லயும் தொழிலாளர் கொட்டகையிலயும் ஒருத்தன் பாடும்போது பக்கத்துப் படுக்கையில ஒருத்தன் தூங்குவான். சத்தம் போட்டிருந்தா அன்னைக்கே விரட்டியிருப்பான். நாங்க மெதுவாப் பாடினோம். முழிச்சிருந்தவன் என்னன்னு கேட்டுக் கிட்ட வந்தான். அப்படித்தான் இத்தனை நாட்டுக்குப் போச்சு. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

எங்களைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். மேடையில் ஒவ்வொரு நாட்டுக்காரராக வந்து, அவரவர் பாஷையில் ஒரே வரியைச் சொன்னார்கள். கடைசியாக எங்கள் பாஷையிலும் வந்தது: "ராத்திரி வேலை பாத்தவங்க தூங்குறாங்க. மெதுவாப் பாடுவோம்."

பதினைந்தாயிரம் பேர் கிசுகிசுவென்று பாடினார்கள். சாமி, பூதம் என்று எதையும் நம்பாதவள் நான். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டேயிருந்தேன்.

பாட்டு முடிந்தது. ட்ரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கினார். அப்போதுதான் பக்கத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. அக்கா வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். மானம் போகிறதே என்று முழங்கையால் இடிக்கப் போனேன். பட்டறைக்காரர் என்னைத் தடுத்துவிட்டு மைக்கை வாங்கினார்.

"சிஸ்டர் தூங்குறாங்க. அடுத்த பாட்டையும் மெதுவாவே பாடுங்க."

ட்ரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்தார். அந்தக் கூட்டம் என் அக்காவுக்காக இன்னொரு பாட்டை மெதுவாகப் பாடியது. பாட்டு தெரியாத நானும் கூடவே உதட்டை அசைத்தேன்.