நான்கு அடி ஒன்பதே கால் அங்குலம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையின் வாசலில், இடது நிலைக்காலில், ஒரு பென்சில் கோடு இருக்கிறது. தரையிலிருந்து நான்கு அடி ஒன்பதே கால் அங்குலம். கோட்டுக்குப் பக்கத்தில் அந்த அளவை எழுதி, பழக்கம் விடாமல், கீழே ஒரு சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளந்த எதிலும் ஒப்பமிடாமல் விட்டதில்லை. அது என் அக்காவின் உயரம்.

பொங்கல் வருகிறதென்று நான்கு நாளாக ஒருவர் பெயிண்ட் அடிக்கிறார். வீட்டை முடித்துவிட்டு இன்று காலை கொட்டகைக்குப் போனவர், "சார், நெலையில ஏதோ கிறுக்கியிருக்குதுங்க, தேய்ச்சிட்டு அடிச்சிரட்டுங்களா?" என்று கேட்டார். டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முடிவெடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட டீயை விடச் சிறந்த வழியை எங்கள் அலுவலகம் கண்டுபிடித்ததில்லை.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்டாள். பிள்ளைகள் இல்லை. மாமா போன பிறகும் அந்த வீட்டிலேயே, ஒரு துண்டு முந்திரிக்கொல்லையையும் இரண்டு ஆடுகளையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். எனக்கு முதலில் வேலை கிடைத்தது ஜெயங்கொண்டம் பக்கம். மூன்று வருஷம் அவள் வீட்டில்தான் தங்கினேன். நான் சங்கிலியும் கொடியுமாக வெயிலில் அலைந்து திரும்பினால், சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "இன்னிக்கு யார் யார் வரப்புல சண்டை மூட்டிவுட்ட?" என்று கேட்பாள். என் உத்தியோகத்தைப் பற்றி அதை விடத் துல்லியமான வரையறையை நான் எந்த விதிமுறை நூலிலும் படித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விடியற்காலையில் விழுந்தவளைப் பார்க்க ஆள் வந்தபோது உச்சி வெயில். பக்கத்து வீட்டுப் பெண், கட்டிப்போட்டிருந்த ஆடுகள் கத்துவதைக் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். அந்த ஈர மண்ணில் எத்தனை மணி நேரம் கிடந்தாள் என்று கேட்டதற்கு, "நான் என்ன கடிகாரமா கட்டியிருந்தேன்?" என்றாள். திருச்சியில் அறுவை சிகிச்சை முடிந்ததும் நேராகப் பெரம்பலூரில் என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். இனி தரையில் உட்காரக் கூடாது, தரையில் படுக்கக் கூடாது, கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தைப்பொங்கல என் வூட்டு வாசல்ல வைக்கணும். அதுக்குள்ள கொண்டுபோயி வுட்டுடு தம்பி." கட்டில் இல்லாத வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றேன். கடைக் கட்டில்களெல்லாம் ஆறடி ஆண்களை நினைத்துச் செய்தவை. என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தால் அவள் பாதம் தரைக்கு மேலே தொங்கியது. இறங்குவதற்கு ஒரு பலகை போட்டிருந்தோம். உன் உயரத்துக்கு நானே ஒன்று செய்கிறேன், முடிந்த மறுநாள் கட்டிலையும் உன்னையும் ஒரே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். எழுத்தில் கொடுக்கவில்லை. என் மனைவி சாட்சி.

ஓய்வுக்குப் பிறகு தச்சு வேலையைக் கையில் எடுத்திருந்தேன். அதுவரை என் சாதனை இரண்டு அலமாரி, ஒரு முக்காலி. முக்காலி ஆடும். மூன்று காலில் ஆட வைப்பதற்குத் தனித் திறமை வேண்டும் என்பாள் மனைவி. ஆகவே இந்த முறை எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். வரைபடம் போட்டேன், ஒவ்வொரு சட்டத்துக்கும் எண் கொடுத்தேன். மரக்கடைக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு மூலைக்கும் நட்டு போல்ட்டு போட்டுக்குங்க சார். கழட்டி எடுத்துட்டுப் போவத் தோதா இருக்கும்" என்றார். போல்ட் என்றைக்காவது தளரும், தளர்ந்தால் ஆடும், ஆடினால் மறுபடி விழுவாள் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். ஒரு சட்டத்தின் நாக்கை அடுத்த சட்டத்தின் துளையில் இறக்கி, பசை விட்டு, மர ஆணி அடித்து இறுக்குவதென்று முடிவு செய்தேன். பிரிக்கவே முடியாத பொருத்து. "சரிங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்றார். அரசு ஊழியனிடம் மனிதர்கள் அதைச் சொல்லும்போது விவாதம் முடிந்தது என்று அர்த்தம், ஒப்புக்கொண்டார்கள் என்று அல்ல.

நீளம் குறிக்க அக்காவை அளக்க வேண்டியிருந்தது. மதியம் படுத்திருந்தவளின் தலைமாட்டில் அளவு நாடாவின் நுனியை வைத்தேன். கண்ணை மூடியிருந்தவள் அலறிவிட்டாள். "எடுடா அந்த நாடாவ! படுத்துக் கெடக்குறவள அளக்குறதுக்குன்னு ஒருத்தன் வருவான். அவன் வேலைய நீ ஏன்டா பாக்குற?" சமையலறையிலிருந்து என் மனைவி ஓடிவந்து நாடாவைப் பிடுங்கிக்கொண்டாள். ஊரையே அளந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள். உயிரோடு இருப்பவர்களை நிற்கவைத்துத்தான் அளக்க வேண்டும். அதனால் மறுநாள் காலை, அக்கா வாக்கர் என்ற நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாக மெல்ல மெல்லக் கொட்டகைக்கு வந்தாள். வாசலில், நிலைக்காலில் முதுகைச் சாய்த்து நின்றாள். தலைமேல் ஸ்கேலை மட்டமாக வைத்துக் கோடு போட்டேன். "அஞ்சடி இருப்பேனே" என்றாள். நான்கு அடி ஒன்பதே கால் என்றேன். "ரெண்டே முக்கால் அங்குலத்த எந்த பக்கத்து வூட்டுக்காரன் பட்டாவுல சேத்த?" என்று கேட்டாள்.

மார்கழி முழுக்க வேலை நடந்தது. பச்சைமலைப் பக்கத்திலிருந்து இறங்கும் பனி விடிந்து வெகுநேரம் வரை எங்கள் தெருவை விடாது. கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. விடியலில் அதன் உட்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாக மரத்தின் மேல் விழும். உளியின் இரும்பு விரலில் ஒட்டுவதுபோலச் சில்லிட்டிருக்கும். பசை இறுகவே இறுகாது. ஒரு நாளில் காய வேண்டியதற்கு மூன்று நாள் காத்திருந்தேன். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, என் பழைய ஸ்வெட்டரைப் புடவை மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்ததும் அவள் ஆரம்பிப்பாள். வேப்பமரச் சட்டங்களைப் பார்த்து, "வேம்பா? நல்லது. பூச்சியும் அண்டாது, தூக்கமும் அண்டாது" என்றாள். நான் ஒரு துளைக்கு மூன்று முறை அளப்பதைப் பார்த்து, "பொங்கலுக்குள்ள முடியுமா, இல்ல, சித்திரைக்கு வாய்தா வாங்குவியா?" என்றாள். இழைத்த சுருள்களைக் குனிய முடியாமல் நடைச்சட்டத்தின் காலால் ஒதுக்கிக் குவித்து, வெந்நீர் அடுப்புக்கு அனுப்பிவைப்பாள். நாள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். முந்திரிக்கொல்லையைப் பற்றி, ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றித் தினமும் ஒரு வார்த்தையாவது வந்துவிடும். புதுப் பானைகூட வாங்கி வைத்திருந்தாள்.

போகிக்கு முந்தின நாள் கட்டில் முடிந்தது. நான்கு காலும் தரையில் பதிந்து நின்றன. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உயரமான சாய்வு. பக்கவாட்டில், இரவில் புரண்டு விழாமலிருக்க, ஒரு தடுப்பு. கைவைத்து அசைத்தால் கொட்டகைதான் அசையும், கட்டில் அசையாது. மறுநாள் காலை மினி வேன் வந்தது. அக்கா குளித்து, புதுப் பானையைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நானும் வேன் ஓட்டுநரும் கட்டிலைத் தூக்கினோம்.

வெளியே வரவில்லை. நேராக வைத்தோம், பக்கவாட்டில் சாய்த்தோம், செங்குத்தாக நிறுத்தினோம். கொட்டகை வாசல் குறுகல். வாசலைத் தாண்டினால் எதிரே சுற்றுச்சுவர். நடுவில் ஓர் ஆள் நடக்கும் சந்து. சாய்வு வாசலில் சிக்கியது. அதைத் திருப்பினால் கால் சுவரில் முட்டியது. ஒவ்வொரு சட்டமாக உள்ளே போனது கட்டிலாக வெளியே வர மறுத்தது. ஓட்டுநர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு சட்டத்த அறுத்துடுங்க சார். அங்க போயி தகடு வச்சி முடுக்கிக்கலாம்" என்றார். அறுத்தால் பலம் போய்விடும் என்றேன். "ஏங்க, கதவு நெலையப் பேத்தா அர நாள் வேலதானே?" என்றாள் மனைவி. போகியன்று கொத்தனார் எங்கே கிடைப்பார், நிலையைப் பெயர்த்தால் மேல்சுவர் தாங்குமா, ஈரத்தில் சிமெண்ட் இறுகுமா என்று வரிசையாகச் சொன்னேன். எந்த மனுவையும் நிராகரிக்க எனக்கு மூன்று காரணம் போதும். அன்று ஐந்தாறு சொன்னேன். எல்லாம் சரியான காரணங்கள். பொங்கல் கழியட்டும், போல்ட் போட்டு மாற்றித் தருகிறேன் என்று முடித்தேன்.

நில அளவைக்காரன் எந்த நிலத்துக்குள் போனாலும் முதலில் கேட்பது எல்லைக்கல்லை அல்ல. வழி எங்கே என்றுதான் கேட்பான். வழி இல்லாத நிலம் எவ்வளவு நல்ல நிலமாக இருந்தாலும் நிலமே இல்லை. உடையார்பாளையத்திலிருந்து கல்லங்குறிச்சி வரை எத்தனை கொல்லைகளில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன், தன் அக்காவை ஒரு வாசலிலேயே நிறுத்தி, அவள் உயரத்தைக் கால் அங்குலச் சுத்தமாகக் குறித்துவிட்டு, அவள் நின்ற வாசலின் அகலத்தைப் பார்க்க மறந்துவிட்டான். வேறொருவன் எனக்கு இப்படி விளக்கம் எழுதித் தந்திருந்தால், 'ஏற்கத்தக்கதல்ல' என்று ஓரத்தில் எழுதித் திருப்பியிருப்பேன். ஈர மண்ணில் அவள் கிடந்த அந்த நேரம் என் தூக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. அவளை மறுபடி அந்தத் தனி வீட்டில் விட எனக்குத் துணிவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், ஜெயித்தும் இருப்பாள். சொல்லவில்லை. கட்டில் செய்தேன்.

பொங்கல் அன்று எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி பொங்கல் வைத்தாள். அக்கா அந்தப் புதுப் பானையைக் கொடுக்கவில்லை. துணி அவிழாமல் அவள் தலைமாட்டிலேயே இருந்தது. பால் பொங்கியபோது எல்லோரோடும் சேர்ந்து குரல் கொடுத்தாள். மத்தியானம் ஒருவரையும் கூப்பிடாமல், நடைச்சட்டத்தை உந்திக்கொண்டு தானாகக் கொட்டகைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு பாதத்தையும் ஊன்றி, அழுத்திப் பார்த்தாள். "காலு தரையில படுதுடா" என்றாள். சட்டத்தைத் தடவினாள். "நல்லாத்தான் செஞ்சிருக்க." பிறகு என்னைப் பார்க்காமல், வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "அளக்குறவனுக்கு வாசல் அகலம் தெரியாமலா போச்சு?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வுடு. பனியில நின்னு கஷ்டப்பட்டிருக்க" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஊருக்குக் கொண்டுபோய் விடு என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். போல்ட்டுகளை வாங்கி வைத்திருந்தேன். அவை இன்னும் பொட்டலம் பிரிக்காமல் இருக்கின்றன.

மாசியில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக் கட்டிலில், இறங்குவதற்குப் பலகை போட்ட அந்த உயரக் கட்டிலில்தான். மீன்சுருட்டிக்குக் கொண்டுபோனோம். அவள் வீட்டு வாசல் எனக்கு எத்தனையோ வருஷப் பழக்கம். அன்றுதான் கண்ணில் பட்டது. இரட்டைக் கதவு வைத்த அகல வாசல். கட்டிலும் அதைத் தூக்கிவரும் ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தே உள்ளே போயிருக்கலாம். தெருவில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவர் என்னிடம் வந்து, "ஐயா, அம்மா என்ன ஒசரம் இருப்பாங்க?" என்று கேட்டார். அக்கா சொல்லியிருந்த அந்த ஒருத்தன் வந்துவிட்டான்; ஆனால் அவர் கையில் நாடா இல்லை. அளவு என்னிடம்தான் இருந்தது. சொன்னேன். "கால் அங்குலம்லாம் வேணாங்க" என்றார் அவர், மரியாதையாக.

பெயிண்ட்காரர் டீ முடித்துவிட்டுச் சந்தில் நிற்கிறார். உள்ளே கட்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். "இவ்ளோ பெரிய கட்டில எப்படி சார் உள்ள கொண்டுபோனீங்க?" என்கிறார். இங்கேதான் செய்தது என்கிறேன். "அப்ப வெளிய எடுக்க முடியாதே" என்று தானே அளப்பதுபோல இரண்டு கைகளையும் வாசலின் குறுக்கே விரிக்கிறார். கொட்டகை வாசல் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாடா என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

"வலது பக்கம் அடிச்சுக்குங்க" என்கிறேன். "இடது நிலைக்கால் அப்படியே இருக்கட்டும்."